நலம் விசாரிக்க யாரும் வராத வீடு

நம் ஊர்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்ற செய்தி காதில் விழுந்துவிட்டால், அவர் எத்தனை தூரத்து உறவானாலும், எத்தனை வருஷமாகப் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்தாலும், ஒரு ரொட்டிப் பொட்டலத்தையோ நாலு சாத்துக்குடியையோ கையில் எடுத்துக்கொண்டு போய், கட்டிலின் ஓரத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்து, "இப்ப எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவதை நாம் ஒரு கடமையென்றுகூட நினைப்பதில்லை, அவ்வளவுக்கு அது நமக்குச் சுபாவமாகிப் போயிருக்கிறது. பிரசவமானாலும் மாரடைப்பானாலும், மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாலும், வார்டு வாசலில் டிபன் காரியரும் ஃபிளாஸ்குமாகப் பந்துக்கள் வந்து நிற்கிறார்கள்; இரவு துணைக்கு யார் படுப்பது, வீட்டிலிருக்கும் சின்னக் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் எவரும் சொல்லாமலே ஏற்பாடாகிவிடுகிறது. ஆனால் பதினைந்து பதினாறு பிராயத்துப் பிள்ளை ஒன்று தன் உயிரைத் தானே போக்கிக்கொள்ளத் துணிந்து, நல்ல வேளையாகப் பிழைத்து, அதே வார்டில் அதே மாதிரிக் கட்டிலில் கிடக்கும்போது மட்டும், அதன் பக்கத்தில் தாயையும் தகப்பனையும் தவிர வேறொருவரையும் காண முடிவதில்லை.

சில வருஷங்களுக்கு முன், உறவினர் ஒருவரின் அறுவைச் சிகிச்சையை முன்னிட்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நான் நாலைந்து நாள் தங்கும்படி நேர்ந்தது. வராந்தாவில் சுவரோரமாகப் பாயை மடித்துப் போட்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வயது நாற்பதுக்கு மேல் இராது. அவர் கையில் ஒரு பள்ளிக்கூட அடையாள அட்டை இருந்தது. அதன் நீல நாடாவை ஆள்காட்டி விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாகவே இருந்தார். செல்போன் அடித்தபோதெல்லாம் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ஒண்ணுமில்லக்கா, ஃபுட் பாய்சன்தான். ரெண்டு நாள்ல விட்டுருவாங்க. நீங்க எதுக்கு அலையணும், வர வேண்டாம்" என்ற ஒரே பதிலை, ஒரே குரலில், அன்று காலையில் மட்டும் மூன்று பேருக்குச் சொன்னார். மூன்றாவது முறை போனை வைத்தபின், யாரிடமாவது சொன்னால் போதும் என்றிருந்ததோ என்னவோ, என் பக்கம் திரும்பி, "வர வேண்டாம்னதும் சரின்னு வெச்சுட்டாங்க. வேற எதுக்காச்சும்னா, வேண்டாம்னாலும் வந்து நின்னிருப்பாங்க. அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும் போல" என்றார்.

அந்த வார்த்தைகளை நான் மறக்கவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டது, ஆனால் அந்தத் தாய் மனித சமூகத்திலிருந்தே ஒதுக்கப்பட்டவர்போல உட்கார்ந்திருந்தார். மறைக்க வேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு. மறைப்பதை நம்புவதுபோல் நடந்துகொள்வதே நாகரிகம் என்ற எண்ணம் உறவினருக்கு. இரண்டுக்கும் நடுவே அந்த வீட்டுக்குக் கிடைக்கவேண்டிய ஆதரவு முழுவதும் கிடைக்காமலே போய்விடுகிறது.

பெற்றோர் ஏன் மறைக்கிறார்கள் என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் என்ன சொல்வார்களோ, பெண் குழந்தையானால் ஊர் வாய் என்ன கதை கட்டிவிடுமோ, பிற்காலத்தில் கலியாணப் பேச்சு எடுக்கும்போது யாராவது இதை எடுத்துப் போடுவார்களோ என்ற பயங்கள் ஒருபுறமிருக்க, எல்லாவற்றிலும் பெரிய பயம் போலீஸ். அவசர சிகிச்சைப் பிரிவில் விபத்துப் பதிவேட்டில் பெயர் எழுதி, 'ஏ.ஆர். காப்பி' போட்டு, காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவதும், காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வாக்குமூலம் எழுத வார்டுக்கு வருவதும், ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கும் தகப்பனாருக்குத் தம் பிள்ளையைக் குற்றவாளியாக்கிவிட்டார்களே என்ற பிரமையை உண்டாக்கிவிடுகின்றன.

இந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் ஆதாரமும் இருந்தது. 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, தன் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடம் கொடுத்தது. ஆனால் 2017-இல் நிறைவேறி 2018-இல் அமலுக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, அவ்வாறு முயன்ற ஒருவரை, மாறாக நிரூபிக்கப்பட்டாலொழிய, கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும் என்றும், அவரை விசாரித்துத் தண்டிக்கலாகாது என்றும் சொல்லியதோடு நிற்காமல், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசாங்கத்தின் கடமை என்றும் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 309-ஆவது பிரிவுக்கு இடமே தரப்படவில்லை. ஆகவே வார்டுக்கு வரும் காவலர், பிள்ளையை யாரேனும் துன்புறுத்தினார்களா, தூண்டினார்களா என்று அறிய வருகிறவரேயன்றி, பிள்ளையின்மீது குற்றம் சாட்ட வருகிறவர் அல்லர். இந்த ஒரு விஷயத்தை வார்டிலுள்ள நர்ஸம்மாவோ, விவரம் தெரிந்த ஒரு மாமாவோ அந்தத் தகப்பனார் காதில் முதல் நாளே போட்டுவிட்டால், அவர் பாதி உயிர் திரும்பிவரும்.

பயத்தைக்காட்டிலும் கொடியது, தாயும் தகப்பனும் தங்களுக்குள்ளேயே நடத்திக்கொள்ளும் விசாரணை. "நீ கொடுத்த செல்லம்தான்" என்று அவர் சொல்லாமல் இருக்கலாம். "நீங்க போட்ட சத்தம்தான்" என்று இவரும் சொல்லாமல் இருக்கலாம். ஆயினும் இரவு இரண்டு மணிக்கு வராந்தா விளக்கின் கீழே இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அந்த வார்த்தைகள் இருவர் மனத்திலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல் நாள் செல்போனைப் பிடுங்கி வைத்தது, மார்க் குறைந்ததற்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசியது, பத்து நாளாகவே சரியாகச் சாப்பிடவில்லையே என்று கண்டும் கேட்காமல் விட்டது என ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் தங்களையே குற்றக்கூண்டில் ஏற்றிக்கொள்வார்கள். பாட்டியோ அத்தையோ வந்து, "ஒரு போனுக்காகவா இப்படிப் பண்ணிட்டான்?" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டால், தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

யதார்த்தம் அப்படியன்று. மனநல வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, இத்தகைய துணிவுக்கு ஒற்றைக் காரணம் என்பது அநேகமாக இருப்பதே இல்லை என்பதுதான். வெளியே தெரியாத மனச்சோர்வு, பல வாரத் தூக்கமின்மை, பள்ளியில் பட்ட அவமானம், யாரிடமும் சொல்லமுடியாத ஒரு கொடுமை, எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையே நிதானிக்கவொட்டாத அந்த வயதின் வேகம் ஆகிய பலவும் சேர்ந்து நிறைந்திருந்த குடத்தில், முந்தின நாள் சண்டை கடைசியாக விழுந்த துளியாக இருந்திருக்கலாம். அந்தத் துளியை மட்டும் பிடித்துக்கொண்டு அழுகிற பெற்றோர், குடத்தில் ஏற்கெனவே என்ன இருந்தது என்று பார்க்கத் தவறிவிடுகிறார்கள் என்பதே இதிலுள்ள பெரிய நஷ்டம். சிகிச்சை அங்கேதான் தொடங்கவேண்டும்.

வீடு திரும்பிய பிள்ளையிடம் என்ன பேசுவது? இந்தக் கேள்விக்கு முன்னால் எவ்வளவு படித்த பெற்றோரும் நாக்கு வறண்டு நிற்கிறார்கள். நம் குடும்பங்களில் சர்வசாதாரணமாக நடப்பது ஒன்று உண்டு: தாய் பிள்ளையின் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, "இனிமே இப்படிப் பண்ண மாட்டேன்னு என் தலைமேல சத்தியம் பண்ணு" என்று அழுவாள். அவள் அன்பில் எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சத்தியம் பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைச் சற்று எண்ணிப்பாருங்கள். அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம், அந்த இருண்ட எண்ணம் மறுபடியும் தலைகாட்டலாம், தலைகாட்டுவது இயல்பு. அப்போது அதைத் தாயிடம் சொல்வதென்றால் சத்தியத்தை மீறினேன் என்று சொல்வதாகும். அம்மாவின் தலைக்கே ஆபத்து என்ற பயமும் கூட வரும். ஆகவே பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். எந்தக் கதவு திறந்திருக்கவேண்டுமோ அந்தக் கதவை நாமே தாழிட்டுவிட்டோம். சத்தியம் வாங்குவதற்குப் பதிலாக, "உனக்கு இவ்வளவு வேதனை இருந்தது எனக்குத் தெரியாமப் போச்சு. திரும்ப அந்த மாதிரி தோணுச்சுன்னா, நடு ராத்திரியானாலும் என்னை எழுப்பு. நான் கோபப்பட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி நடந்துகொள்வது எத்தனையோ மடங்கு பிரயோஜனமுள்ளது.

வெளிப்படையாகக் கேட்டால் மறந்துபோனதை நாமே ஞாபகப்படுத்திவிடுவோமோ என்ற சங்கோசமும் பலருக்கு இருக்கிறது. கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பது ஆராய்ச்சிகள் நன்கு நிலைநாட்டிய விஷயம். பெரும்பாலான பிள்ளைகள், யாரோ ஒருவர் தைரியமாகக் கேட்டுவிட்டாரே என்று நெஞ்சு லேசாகிறார்கள். குலதெய்வத்துக்கு முடிந்து வைப்பதையும், மசூதியில் மந்திரித்துக் கயிறு கட்டுவதையும், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வதையும் நான் குறைசொல்ல மாட்டேன். தாயின் மனத்துக்கு அதுவும் ஒரு பிடிமானம். ஆனால் கோயிலுக்குப் போன கையோடு, டிஸ்சார்ஜ் சீட்டில் குறித்துக்கொடுத்த தேதியில் மனநலப் பிரிவின் ஓ.பி. வரிசையிலும் போய் நிற்கவேண்டும். மாத்திரை எழுதிக்கொடுத்தால், பிள்ளை சிரிக்க ஆரம்பித்துவிட்டது என்பதற்காக நம் இஷ்டத்துக்கு நிறுத்தலாகாது.

வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களும் மாதங்களுமே மிகவும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய காலம். முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை என்ற நல்ல செய்தியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் வீட்டிலுள்ள அபாயமான பொருள்களை அப்புறப்படுத்தவேண்டும். தாத்தாவின் சர்க்கரை வியாதி மாத்திரையிலிருந்து கொல்லைப்புறத்துப் பூச்சிமருந்து வரை, பூட்டிய பெட்டிக்குள்ளோ வேறொருவர் வீட்டுக்கோ போய்விடவேண்டும். மனம் வைத்தவனை எதைப் பூட்டித் தடுக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வேகம் பொங்கித் தணிகிற ஒன்று. பொங்கும் நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லையென்றால், தணியும் நேரம் வந்துவிடுகிறது. கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில், டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய சகாக்களும், விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஒரு கட்டிடத்தில், பேங்க் லாக்கரைப்போல அவரவர் பெட்டியில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். அந்தக் கிராமங்களில் பூச்சிமருந்தினால் நேரும் விபரீதங்கள் குறைந்தன. ஒரு கிராமம் செய்ததை ஒரு வீடு செய்துகொள்ள முடியாதா?

காவல் என்பது சிறைக்காவலாகிவிடவும் கூடாது. சில வாரங்களுக்குப் பிள்ளையைத் தனியே விடாமலிருப்பது நியாயம். எதற்காக என்று அதனிடமே சொல்லிவிட்டுச் செய்தால், பிள்ளை பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறது. ஒளிந்து நின்று நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுவதும், குளியலறைக் கதவண்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் இரண்டு தரப்பையும் வாட்டிவிடும். இந்தக் காவலைத் தாய் ஒருத்தியே இருபத்துநாலு மணி நேரமும் சுமப்பதுதான் நம் வீடுகளில் வழக்கமாக இருக்கிறது; பத்தாம் நாள் அவளே நோயாளியாகிவிடுகிறாள். சித்தியோ மாமாவோ, பிள்ளைக்குப் பிடித்த யாரோ ஒருவர், வாரத்தில் இரண்டு இரவு வந்து தங்கினால் போதும்.

உறவினர்களின் பங்கு இங்கேதான் வருகிறது. இதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன். உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவில் சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், சீனாவின் யுன்செங், ஈரானின் கராஜ் ஆகிய ஐந்து இடங்களில், முயன்று பிழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேரைக் கொண்டு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2008-இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு ஆஸ்பத்திரியின் வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றொரு பகுதியினருக்கு அதற்குமேல் இரண்டு விஷயங்கள்: வீட்டுக்கு அனுப்பும் சமயத்தில் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசி நிலைமையை விளக்குவது, பிறகு 18 மாதத்துக்குள் ஒன்பது முறை, முதலில் வாரக்கணக்கிலும் பின்னர் மாதக்கணக்கிலும் இடைவெளி விட்டு, போனிலோ நேரிலோ, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பது. புதிய மருந்து இல்லை, விலையுயர்ந்த கருவி இல்லை. 18 மாத முடிவில் கணக்கெடுத்தபோது, அப்படி விசாரிக்கப்பட்டவர்களுள் தற்கொலையால் இறந்தவர் 2 பேர். வழக்கமான சிகிச்சையோடு விடப்பட்டவர்களுள் 18 பேர்.

இதைப் படித்த அன்று எனக்கு வராந்தாவில் பார்த்த அந்த அம்மாளின் ஞாபகமே வந்தது. ஒன்பது முறை நலம் விசாரித்தல்! அதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள் என்பதையும், உறவினரின் விசாரிப்பு வைத்தியத்துக்கு ஈடாகாது என்பதையும் நான் மறக்கவில்லை. ஆயினும், எந்தக் காரியத்தை நாம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறோமோ, அதை இந்த ஒரு வியாதிக்கு மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று எண்ணும்போது மனம் பொறுக்கவில்லை.

எப்படி விசாரிப்பது என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 'ஏன்' என்ற கேள்வியை வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டுப் போங்கள். ஃபுட் பாய்சன் என்று அவர்கள் சொன்னால், ஃபுட் பாய்சனுக்கு என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள். ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் கொண்டுபோங்கள். சித்தி வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் சொல்லாத நிலையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் தம்பியைக் கடற்கரைக்கோ ஆற்றங்கரைக்கோ கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். மின்சாரக் கட்டணம் கட்டும் கடைசித் தேதி தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் மட்டும் போய்விட்டு நின்றுவிடாதீர்கள். எல்லாரும் மறந்துபோகும் மூன்றாம் மாதத்தில்தான் அந்தத் தாய்க்கு ஒரு போன் அவசியமாயிருக்கும். புத்திமதி வேண்டாம். "எங்க காலத்துல இதெல்லாம் உண்டா?" என்ற வார்த்தை வேண்டவே வேண்டாம்.

தகப்பனாரைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை. நாலாம் நாளே கடையைத் திறந்துவிடுவார், ஆபீசுக்குப் போய்விடுவார். அதைப் பார்த்து, கல் நெஞ்சுக்காரர் என்றுகூடச் சொல்வார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறின அந்தப் பத்து நிமிஷம் தினந்தோறும் அவர் கண்முன் வந்து போவதும், வீட்டு நம்பரிலிருந்து போன் வந்தால் கை நடுங்குவதும் யாருக்குத் தெரியும்? கண்டெடுத்துக் காப்பாற்றியவர்களுக்கும் காயம் உண்டு. தூக்கம் அறவே போனாலும், எதிலும் பிடிப்பில்லாமல் போனாலும், பெற்றோரும் தங்களுக்கென்று வைத்தியரைப் பார்க்கவேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசாங்கம் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் இருக்கிறது. 1986-இல் சென்னையில் தோன்றிய ஸ்நேகா என்னும் தொண்டு ஸ்தாபனத்தின் எண் 044-24640050. இவையெல்லாம் உயிரை வெறுத்தவர்களுக்கு மட்டுமே என்று எண்ணி, பெற்றோர் அழைக்கத் தயங்குகிறார்கள். பிள்ளை உறங்கின பிறகு மொட்டைமாடியில் தனியே நின்று அழுகிற தகப்பனாருக்கும் அந்த எண்கள் உரியவைதான்.

பள்ளிக்கூடம் திரும்புவது ஒரு தனிக் கட்டம். யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளையோடு கலந்தே முடிவு செய்யவேண்டும். தலைமையாசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் தெரிந்தால் போதும். மற்றவர்கள் கேட்டால், "உடம்பு சரியில்லாம இருந்தது, இப்ப தேவலை" என்ற ஒரு வாக்கியத்தை வீட்டிலேயே சொல்லிப் பழகி வைத்துக்கொள்ளலாம். பரீட்சை முடிவு காரணமாக நேர்ந்ததானால், இந்த நூற்றாண்டின் தொடக்க வருஷங்களிலிருந்தே நம் மாநிலத்தில் தவறிய பாடத்தை ஒரு வருஷம் வீணாக்காமல் உடனே மறுபடி எழுத வழி செய்யப்பட்டிருக்கிறது என்பதைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லவேண்டும். மாணவர்களின் உயிரைக் காக்க வேண்டுமென்று மனநலத் துறையினர் வற்புறுத்தியதும் அந்த ஏற்பாட்டுக்கு ஒரு காரணம்.

அந்த வராந்தாவில் மூன்றாம் நாள் இரவு நடந்ததைச் சொல்லவில்லை. அடுத்த கட்டிலில் படுத்திருந்த தன் மருமகளுக்குத் துணையாக வந்திருந்த ஒரு கிழவி, டிபன் காரியரின் மூடியில் மூன்று இட்லியை வைத்து, மிளகாய்ப்பொடியில் எண்ணெயை ஊற்றிக் குழைத்துக்கொண்டு வந்து அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அடையாள அட்டையை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, மூடியை அவர் கையில் கொடுத்தாள். இரண்டு இட்லி உள்ளே போயிற்று. "நீ செத்த கண்ணசரு தாயி. புள்ளைய நான் பாத்துக்கறேன், எனக்கு எப்படியும் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் அந்தப் பிள்ளையின் கட்டிலண்டை ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த அம்மாள் பாயை விரித்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். காலையில் துப்புரவுப் பணியாளர் வாளியோடு வந்து எழுப்பும் வரையில் அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை.